நாடகத்தைப் படமாக்கும்போது கேமரா யாரைப் பார்க்க வேண்டும்?

ஒரே வீட்டின் கூடத்தில் மூன்று பேர் பேசிக்கொண்டே இருக்கும் ஒரு நாடகம். மேடையில் நன்றாகப் போயிருக்கிறது. அதைப் படமாக்க நினைக்கும் ஒருவர் கேட்கிறார்: பேச்சை நம்பி நிற்கும் நாடகங்கள் திரைக்கு வந்ததும் ஏன் பெரும்பாலும் உயிரை விட்டுவிடுகின்றன? வசனத்தைப் பாதியாகக் குறைத்து, நாலு வெளிப்புறக் காட்சிகளைச் சேர்த்தால் சரியாகிவிடாதா?

சரியாகாது என்றுதான் நினைக்கிறேன். பல படங்கள் கெட்டுப்போனதே அப்படிச் செய்ததால்தான். பேச்சு அதிகமாக இருப்பதோ இடம் ஒன்றாக இருப்பதோ உண்மையான சிக்கல் இல்லை. சிட்னி லூமெட் 1957இல் எடுத்த 'ட்வெல்வ் ஆங்ரி மென்' சுமார் ஒன்றரை மணி நேரப் படம். சில நிமிடங்களைத் தவிர முழுவதும் ஒரே அறை, ஒரு கொலை வழக்கில் தீர்ப்புச் சொல்ல வேண்டிய ஜூரி உறுப்பினர்கள் பன்னிரண்டு பேர், ஓயாத பேச்சு. யாருக்கும் அலுக்கவில்லை. அது மேடையிலிருந்து வந்த படம் என்று பலர் நினைக்கிறார்கள். ரெஜினால்ட் ரோஸ் அதை 1954இல் தொலைக்காட்சிக்காக எழுதினார். மேடைக்கு அது பிறகுதான் போனது. முதலிலிருந்தே கேமராவை மனதில் வைத்து எழுதப்பட்ட பேச்சு அது. அதில் இருப்பதும் மேடைப் பேச்சில் இல்லாததும் என்ன என்று பார்த்தால் விஷயம் பிடிபடும்.

மேடையில் ஒரு கணவன் மனைவியைத் திட்டுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வசனம் மனைவிக்குத்தான். ஆனால் அவன் உடம்பு பாதி அரங்கத்தின் பக்கம் திரும்பியிருக்கும், குரல் கடைசி வரிசைக்குப் போகும். அவன் பேச்சுக்குப் பதில் சொல்வது மனைவி மட்டும் இல்லை; இருட்டில் உட்கார்ந்திருக்கும் நானூறு பேரும் பதில் சொல்கிறார்கள். சிரிப்பாக, இருமலாக, திடீரென்று விழும் அமைதியாக. நல்ல நடிகர் அந்தப் பதிலைக் கேட்டுத்தான் அடுத்த வரியைச் சொல்கிறார். பேச்சையே நம்பி எழுதப்பட்ட நாடகத்தில் மிக முக்கியமான பாத்திரம் இந்தக் கேட்பவர் கூட்டம்தான். எழுத்துப் பிரதியில் அதற்குப் பெயர் இருக்காது, வசனம் இருக்காது. ஆனால் ஒவ்வொரு வரியும் அதை நோக்கி எழுதப்பட்டிருக்கும்.

படமாக்கும்போது முதலில் காணாமல் போவது இந்தப் பாத்திரம்தான். திரையரங்கில் கூட்டம் இருக்கிறது, சரி. ஆனால் அவர்கள் சிரித்தாலும் அழுதாலும் திரையில் இருப்பவருக்குக் கேட்காது. அவர் எப்போதோ பேசி முடித்துவிட்டார். கேட்பவரை நோக்கி எழுதிய பேச்சு, கேட்பவர் இல்லாத இடத்தில் போய் விழுகிறது. நாடகத்திலிருந்து வந்த பல படங்களைப் பார்க்கும்போது, நடிகர்கள் யாரோ இல்லாத ஒருவரிடம் சத்தமாகப் பேசுவதுபோல் ஒரு வெறுமை தோன்றுமே, அது இதனால்தான். வசனத்தைப் பாதியாக வெட்டினாலும் அந்த வெறுமை போகாது. பாதி அளவு வெறுமையாக இருக்கும், அவ்வளவுதான்.

ஆகவே செய்ய வேண்டிய வேலை வேறு. அரங்கத்தில் உட்கார்ந்திருந்த கேட்பவரைக் கதைக்குள்ளேயே கண்டுபிடித்து, அந்த அறைக்குள் கொண்டுவந்து உட்கார வைக்க வேண்டும். பிறகு கேமரா அவரைப் பார்க்க வேண்டும்.

இதை நான் பார்த்தவற்றில் மிக அழகாகச் செய்த படம் 1984இல் மிலோஸ் ஃபோர்மன் எடுத்த 'அமெடியஸ்'. பீட்டர் ஷாஃபரின் நாடகம் 1979இல் லண்டனில் மேடையேறியது. அதில் கிழவராகிவிட்ட இசையமைப்பாளர் சாலியேரி நேராகப் பார்வையாளர்களைப் பார்த்துப் பேசுவார். வருங்காலத்து மனிதர்களே, என் பாவமன்னிப்பைக் கேளுங்கள் என்று அரங்கத்தையே பாதிரியார் இடத்தில் வைத்துவிடுவார். மேடையில் இதற்கு ஈடு இல்லை. படத்தில் அவர் கேமராவைப் பார்த்து அப்படியே பேசியிருந்தால் பத்து நிமிடத்தில் நமக்குக் களைத்துப்போயிருக்கும். திரைக்கதையை எழுதியதும் ஷாஃபர்தான். ஃபோர்மனும் அவரும் சேர்ந்து என்ன செய்தார்கள்? ஒரு இளம் பாதிரியாரை உருவாக்கினார்கள். மனநோய் விடுதியில் சாலியேரியின் வாக்குமூலத்தைக் கேட்க வந்து, எதிரே நாற்காலியில் உட்காரும் ஒருவர்.

அந்த முதல் சந்திப்பைக் கவனமாகப் பார்க்க வேண்டும். சாலியேரி பியானோவில் தான் எழுதிய ஒரு மெட்டை வாசிக்கிறார். தெரிகிறதா என்று கேட்கிறார். பாதிரியாருக்குத் தெரியவில்லை. இன்னொன்றை வாசிக்கிறார், அந்தக் காலத்தில் பெரிய புகழ் பெற்றது. அதுவும் தெரியவில்லை. மூன்றாவதாக ஒரு மெட்டைத் தொடங்கியதும் பாதிரியாரின் முகம் மலர்கிறது, கூடவே பாடுகிறார், இதை எழுதியது நீங்கள்தானா என்று மகிழ்ச்சியோடு கேட்கிறார். இல்லை, அது சாலியேரி பொறாமையில் வெந்துபோன மொஸார்ட் எழுதியது. சாலியேரியின் வாழ்நாள் காயம் முழுவதும் நமக்குப் புரிந்துவிடுகிறது. காயத்தைப் பற்றி அவர் ஒரு வாக்கியம்கூடச் சொல்லவில்லை. கேட்பவரின் முகம் மூன்று முறை மாறியது, அது போதுமாக இருந்தது. இத்தனைக்கும் பாதிரியார் நல்ல மனிதர். புண்படுத்த வேண்டும் என்று நினைத்தவர் இல்லை. அந்த நல்லெண்ணம்தான் காட்சியை இன்னும் கொடுமையாக்குகிறது.

படம் நெடுக சாலியேரி பேசப் பேச, கேமரா அவ்வப்போது பாதிரியாருக்குத் திரும்புகிறது. தைரியமாக உள்ளே வந்தவர் கொஞ்சம் கொஞ்சமாக உடைகிறார். பேச்சுக்கு ஒரு இலக்கு கிடைத்தது, அந்த இலக்கு காயப்படுவதை நாம் பார்க்கிறோம்.

'ட்வெல்வ் ஆங்ரி மென்' படத்திலும் இதே நுட்பம்தான், ஆனால் தலைகீழாக. பத்தாம் எண் ஜூரி உறுப்பினர், குற்றம் சாட்டப்பட்ட பையனின் இனத்தைப் பற்றி விஷம் கக்கும் நீண்ட பேச்சு ஒன்று வருகிறது. மேடை இயல்பில் யோசிக்கும் இயக்குநர் அவர் முகத்துக்கு க்ளோஸ்-அப் வைத்திருப்பார். லூமெட் கேமராவைத் தள்ளி வைத்து அறையையே காட்டுகிறார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போது ஒவ்வொருவராக மேசையிலிருந்து எழுந்து போய் முதுகைக் காட்டி நிற்கிறார்கள். பேச்சு ஓடிக்கொண்டே இருக்கிறது, கேட்பவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். நான் சொல்வதைக் கேளுங்கள் என்று அவர் கெஞ்சும் நிலைக்கு வரும்போது, மேசையில் இருக்கும் நான்காம் எண்காரர், கேட்டாகிவிட்டது, உட்காருங்கள், இனி வாயைத் திறக்காதீர்கள் என்று முடிக்கிறார். அந்தப் பேச்சில் இருந்த சொற்கள் ஒன்றுகூட நினைவில் நிற்பதில்லை. முதுகுகள் நிற்கின்றன.

இடம் ஒன்றே என்ற பயத்துக்கும் அந்தப் படம் விடை வைத்திருக்கிறது. லூமெட் தன் புத்தகத்தில் விளக்கியிருக்கிறார்: முதல் மூன்றில் ஒரு பங்கை கண்மட்டத்துக்கு மேலிருந்தும், அடுத்த பங்கை கண்மட்டத்திலும், கடைசிப் பங்கைக் கண்மட்டத்துக்குக் கீழிருந்தும் எடுத்தார். கீழிருந்து எடுக்கத் தொடங்கியதும் கூரை தெரிய ஆரம்பிக்கிறது. கூடவே லென்ஸின் குவியத் தூரத்தையும் கூட்டிக்கொண்டே போனார். சுவர்கள் ஆட்களின் முதுகுக்கு நெருங்கி வருவதுபோல் தோன்றும். பார்ப்பவர் இதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை, மூச்சு முட்டுவது மட்டும் தெரியும். இலியா கஸான் 1951இல் 'எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிசயர்' நாடகத்தைப் படமாக்கியபோது செட்டின் சுவர்களையே படிப்படியாக உள்ளே தள்ளி, வீட்டைச் சிறிதாக்கிக்கொண்டே போனார். அதற்கு முன் அவரும் வெளியே போகப் பார்த்தவர்தான். கதாநாயகி ப்ளான்ஷ் அந்த வீட்டுக்கு வருவதற்கு முன் வாழ்ந்த வாழ்க்கையைக் காட்டும்படி ஒரு திரைக்கதையை எழுதச் செய்து பார்த்து, நாடகத்தின் பலமே போய்விடுகிறது என்று கண்டு கைவிட்டார். நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் 1947இல் அந்த நாடகத்தை இயக்கியவரே அவர்தான். எது அதைத் தாங்குகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

வெளியே போகும் ஆசையைப் பற்றி இயக்குநர் ஹிட்ச்காக், பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவுடனான உரையாடலில் சொன்னது இன்றும் அப்படியே பொருந்தும். நாடகத்தில் ஒருவர் டாக்ஸியில் வந்து இறங்கியதாகச் சொல்லிக்கொண்டு உள்ளே வருவார். படமாக்குபவர் டாக்ஸி வருவதை, அவர் இறங்குவதை, பணம் கொடுப்பதை, படியேறுவதை, கதவைத் தட்டுவதை எல்லாம் காட்டுவார். அப்புறம் அறைக்குள் பழைய நாடகம் அப்படியே தொடரும். ஒரு நாடகத்தின் பலமே அது அடைபட்டுக் கிடப்பதில்தான் இருக்கிறது என்பது அவர் கட்சி. 1954இல் 'டயல் எம் ஃபார் மர்டர்' எடுத்தபோது அவர் வெளியே போனது மிகக் குறைவு. அதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் நீதிமன்றம். நாடகத்தில் விசாரணை மேடையில் நடக்காது, காட்சிகளுக்கு நடுவே முடிந்துவிடும். படம் என்பதால் பெரிய நீதிமன்ற செட் போட்டிருக்கலாம். ஹிட்ச்காக் கிரேஸ் கெல்லியின் முகத்தை மட்டும் வைத்துக்கொண்டார். பின்னால் வண்ண ஒளி மாறுகிறது, வழக்கறிஞர்களின் குரல்கள் எங்கிருந்தோ வருகின்றன, அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார், மரண தண்டனை விழுகிறது. ஒரு முழு விசாரணையும் கேட்பவரின் முகத்தில் முடிந்துவிட்டது.

வெளிப்புறக் காட்சியைச் சேர்ப்பதைவிட ஆபத்தானது ஃப்ளாஷ்பேக். மேடையில் பலதும் சொல்லப்படுகிறதே தவிரக் காட்டப்படுவதில்லை. ஆகவே இதையெல்லாம் காட்டிவிடலாம் என்று கை துறுதுறுக்கும். கொஞ்சம் பொறுங்கள். சொல்லப்படும் கதையில் ஒரு சந்தேகம் ஒளிந்திருக்கிறது. சொல்பவர் பொய் சொல்லலாம், மிகைப்படுத்தலாம், தனக்குத் தேவையானபடி நினைவை வளைத்திருக்கலாம். படத்தில் காட்டிவிட்டால் அது சாட்சியமாகிவிடும்; கண்ணால் பார்த்ததைப் பார்வையாளர் நம்பிவிடுவார். எட்வர்ட் ஆல்பியின் 'ஹூ இஸ் அஃப்ரெய்ட் ஆஃப் வர்ஜீனியா வுல்ஃப்' நாடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜார்ஜ், மார்த்தா தம்பதிக்கு ஒரு மகன் இருக்கிறான். ஆனால் அவன் அவர்கள் கற்பனை செய்துகொண்டவன், சொற்களில் மட்டுமே இருக்கிறான். ஒரே ஒரு ஃப்ரேம் அவனைக் காட்டினாலும் நாடகம் அங்கேயே இடிந்து விழும். அதேபோல் ஜார்ஜ், தன் இளம் மனைவியோடு விருந்தாளியாக வந்திருக்கும் நிக்கிடம், பெற்றோரின் சாவுக்குக் காரணமான ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறார். அந்தப் பையன் ஜார்ஜ்தானா என்பது கடைசிவரை உறுதியாகத் தெரியாது. 1966இல் மைக் நிக்கோல்ஸ் எடுத்த படம் இதை வீட்டுக்கு வெளியே, இரவில், மரத்தடியில் நடக்கும் பேச்சாகவே வைத்திருக்கிறது. இடம் மாறியது, ஆனால் சொல்லப்பட்டது சொல்லப்பட்டதாகவே இருந்தது. பெரிய தைரியம் அது.

அதே படத்தில் எனக்கு ஒட்டாத பகுதி, நால்வரும் காரில் ஏறிச் சாலையோர நடன விடுதிக்குப் போவது. காரில் ஏறிய பிறகு, இந்த இளம் தம்பதி இப்படியே தங்கள் வீட்டுக்குப் போய்விடலாமே என்ற கேள்வி வந்துவிடுகிறது. மேடையில் அந்தக் கேள்வி எழாது, ஏனென்றால் மேடைக்கு வெளியே உலகமே இல்லை. படத்தில் கதவு என்றால் நிஜக் கதவு. அதற்கு வெளியே தெரு இருக்கிறது. இவர் ஏன் எழுந்து போகவில்லை என்பதற்குப் படம் தன் சொந்தப் பதிலை வைத்திருக்க வேண்டும். ஜூரி அறையின் கதவு பூட்டியிருந்தது. யாஸ்மினா ரேஸாவின் நாடகத்திலிருந்து வந்த 'கார்னேஜ்' (2011) படத்தில் விருந்தாளித் தம்பதி லிஃப்ட் வரை போய்ப் போய்த் திரும்பி வருகிறார்கள்; கடைசி வார்த்தை தங்களுடையதாக இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் அவர்களை இழுத்துவருகிறது. அந்த லிஃப்ட் கதவு ஒரு பக்க வசனத்தின் வேலையைச் செய்கிறது.

இனி வசனத்தை வெட்டுவதற்கு வருகிறேன். வெட்டவே கூடாது என்று சொல்லவில்லை. எதை வெட்டுவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். மேடை வசனத்தில் ஒரு பகுதி கண்ணுக்குப் பதிலாக எழுதப்பட்டிருக்கும். இருபதாவது வரிசையில் இருப்பவருக்குக் கை நடுங்குவது தெரியாது என்பதால் ஏன் கை நடுங்குகிறது என்று இன்னொருவர் கேட்பார். பாத்திரங்கள் வரும்போதும் போகும்போதும் அறிவிப்புபோல ஒரு வரி இருக்கும். முக்கியமான தகவலை, தவறவிட்டவருக்காக, இரண்டு மூன்று முறை வேறு வேறு வாயால் சொல்ல வைத்திருப்பார்கள். இவையெல்லாம் தயங்காமல் போகலாம். ஆனால் நடைமுறையில் நடப்பது என்ன? இந்தத் துண்டு வரிகள் சின்னதாக இருப்பதால் தப்பித்துவிடுகின்றன; நீளமாக இருக்கிறது என்று ஒரே ஒரு பெரிய பேச்சை எடுத்து மூன்று வரியாக்கிவிடுகிறார்கள். அந்தப் பேச்சு நீளமாக இருந்ததற்குக் காரணம் இருந்திருக்கும். பேசுபவர் தன்னையே ஏமாற்றிக்கொண்டு தொடங்கி, நடுவில் வழி தவறி, முடிவில் சொல்ல நினைக்காத ஒன்றைச் சொல்லிவிடுவார். அந்தப் பயணத்துக்கு நேரம் வேண்டும். மூன்று வரியில் முடிவு மட்டும் வந்தால் அது வெறும் அறிவிப்பு.

நகைச்சுவை நாடகங்களில் சிக்கல் இன்னும் கூர்மையானது. சிரிப்பு அடங்கும்வரை நடிகர் காத்திருப்பார். அந்த நேரத்தில் ஒரு பார்வை, ஒரு சின்ன அசைவு. படத்தில் எவ்வளவு நேரம் சிரிப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? அதிகமாக இடம் விட்டால் உயிரற்ற இடைவெளி, விடாவிட்டால் அடுத்த நகைச்சுவை சிரிப்புச் சத்தத்தில் மூழ்கிப்போகும். மேடையிலிருந்து படத்துக்கு வந்த மார்க்ஸ் சகோதரர்கள் 'எ நைட் அட் தி ஆப்பரா' (1935) படத்துக்கு முன்னால் அதன் காட்சிகளை ஊர் ஊராக மேடையில் நடித்துப் பார்த்து, எங்கே எவ்வளவு சிரிப்பு வருகிறது என்று கணித்துக்கொண்டுதான் படப்பிடிப்புக்குப் போனார்கள். நாடகத்தின் ஒலிப்பதிவு ஏதாவது இருந்தால் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். நடிப்பைவிட அரங்கத்தின் சத்தம் அதிகம் சொல்லித்தரும்.

நம் தமிழிலேயே இதற்கு ஒரு பெரிய பாடம் இருக்கிறது, 'ரத்தக்கண்ணீர்'. திருவாரூர் தங்கராசு எழுதிய நாடகத்தை எம்.ஆர். ராதா மேடையில் நடத்தியபோது அன்றைய செய்தியையும் அரசியலையும் வசனத்துக்குள் இழுத்துப்போட்டு, எதிரே இருப்பவர்களின் எதிர்வினைக்கேற்பப் பேச்சை நீட்டுவார், சுருக்குவார். அந்த உயிர்ப்பு முழுவதும் கேட்பவர்களிடமிருந்து வந்தது. 1954இல் கிருஷ்ணன்–பஞ்சு படமாக எடுத்தபோது அந்தக் கூட்டம் இல்லை. ஆனாலும் படம் நின்றது, இன்றும் நிற்கிறது. ராதாவின் குரல் ஒரு காரணம், சந்தேகமில்லை. ஆனால் கதையின் அமைப்பைக் கவனியுங்கள். முதல் பாதியில் மோகனசுந்தரம் தாய், மனைவி, நண்பன் என்று எல்லோரையும் ஏளனம் செய்து பேசுகிறான்; அவர்கள் வாய் மூடிக் கேட்டே ஆக வேண்டியிருக்கிறது. தொழுநோய் வந்து தெருவுக்கு வந்த பிறகு அதே குரல், அதே நையாண்டி, அதே வேகம். ஆனால் கேட்க யாரும் நிற்பதில்லை. பேச்சாலேயே வாழ்ந்தவனுக்குக் கேட்பவர் இல்லாமல் போவதுதான் தண்டனை என்று அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் தோன்றும்.

பாலசந்தர் தன் மேடை நாடகங்களைப் படமாக்கியபோது அவர்மேல் வைக்கப்பட்ட குற்றச்சாட்டு, எல்லாம் நாடகம்போல் இருக்கிறது என்பது. 'நீர்க்குமிழி' (1965) ஒரு மருத்துவமனைக்குள்ளேயே நடக்கிறது. எனக்கு அதைவிட 'மேஜர் சந்திரகாந்த்' (1966) இந்தக் கேள்விக்கு நெருக்கமானதாகத் தெரிகிறது. கண்பார்வை இல்லாத ஒரு ராணுவ அதிகாரி, தன் மகனைக் கொன்றவனுக்கே, அது தெரியாமல், வீட்டில் அடைக்கலம் தருகிறார். இந்தக் கருவில் பேச்சு வெறும் அலங்காரம் இல்லை. மேஜருக்குப் பேச்சுதான் கண். எதிரில் இருப்பவன் யார் என்பதை அவர் குரலிலிருந்துதான் அறிய முடியும். அவர் பார்க்க முடியாத முகத்தை நாம் பார்க்கிறோம். அவர் பேசுகிறார், கேட்பவன் முகத்தில் எல்லாம் தெரிகிறது, அவருக்கு மட்டும் தெரிவதில்லை. மேடைக்காகப் பிறந்த கதையாக இருந்தும் இதற்குள் கேமராவுக்கு ஒரு வேலை முன்னதாகவே இருந்தது. 'வியட்நாம் வீடு' (1970) படத்திலும் பிரெஸ்டீஜ் பத்மநாபனின் நீண்ட வசனங்களை இன்று பார்க்கும்போது, சிவாஜியின் நடிப்புக்கு எடை தருவது பத்மினி அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் விதம் என்பது என் கருத்து.

கேட்பவரை எப்போதும் உள்ளேயே தேட வேண்டும் என்றில்லை, வெளியிலிருந்து வரும் ஒலியாகவும் இருக்கலாம். இப்சன் 1882இல் எழுதிய 'மக்களின் எதிரி', தண்ணீர் கெட்டுவிட்டது என்று சொன்னதற்காக ஊரே எதிர்க்கும் ஒரு மருத்துவரின் கதை. அந்த நாடகத்தைச் சத்யஜித் ரே 'கணசத்ரு' என்று 1989இல் வங்காளத்துச் சிறு நகரமாக மாற்றி எடுத்தார். மேடையில் அந்த நாடகத்தின் பொதுக்கூட்டக் காட்சிக்கு அரங்கமே கூட்டமாகிவிடும். மருத்துவர் நம்மைப் பார்த்தே பேசலாம். உடல்நலக் குறைவால் ரே பெரும்பாலும் ஸ்டூடியோவுக்குள்ளேயே எடுக்க வேண்டியிருந்தது, படம் பேச்சாகவே இருக்கிறது என்று விமர்சனம் வந்தது. அந்த விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் முடிவைப் பாருங்கள். இப்சனின் மருத்துவர் தனித்து நிற்பவனே பலசாலி என்கிறார். ரேயின் மருத்துவர் வீட்டுக்குள் எல்லாம் இழந்து உட்கார்ந்திருக்கும்போது வெளியே தனக்கு ஆதரவாக எழும் கோஷம் காதில் விழுகிறது. படம் முழுவதும் பேசியவர் இப்போது கேட்பவராகிறார். அந்தக் கடைசி நிமிடங்களில் படம் நாடகத்தைவிட்டு வெளியே வந்துவிடுகிறது.

நாடகாசிரியரே படத்தை இயக்கி வென்ற ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். ஃப்ளோரியன் ஸெல்லரின் 'தி ஃபாதர்', மறதி நோயில் விழும் முதியவரின் கதை. மேடையில் காட்சிக்குக் காட்சி அறைக்கலன்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். மேடை எப்போதுமே பாதி கற்பனை என்பதால் அது ஒரு குறியீடாகப் புரியும். 2020இல் வந்த படத்தில் ஸெல்லர் அதே வீட்டைக் காட்டிக்கொண்டே சுவர் நிறத்தையும் பொருட்களையும் மெல்ல மாற்றுகிறார். கேமராவில் பதிவான வீடு நிஜம் என்று நம்பிப் பழகியவர்கள் நாம். அந்த நம்பிக்கையையே அவர் ஆட்டிவிடுகிறார், ஆந்தனி ஹாப்கின்ஸின் பாத்திரத்துக்கு நேர்வது நமக்கும் நேர்கிறது. வசனம் அவ்வளவு மாறவில்லை. கேட்பவர் கேட்பதும் பார்ப்பதும் ஒத்துப்போகாமல் போனது, அதுதான் மாறியது.

சரி, கேள்வி கேட்டவரின் கையில் இருக்கும் நாடகத்துக்கு வருவோம். திரைக்கதை எழுதத் தொடங்கும் முன் பிரதியை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பக்கத்திலும் பேசுபவரை விட்டுவிட்டு, இது யார் காதில் விழுகிறது, விழுந்ததும் அவருக்கு என்ன ஆகிறது என்று ஓரத்தில் எழுதுங்கள். சில இடங்களில் ஒன்றும் ஆகவில்லை என்று எழுத வேண்டிவரும். அவைதான் அரங்கத்துக்காக எழுதப்பட்டவை. அங்கே இரண்டே வழி: வரியை எடுத்துவிடுங்கள், அல்லது அது யாரையாவது தைக்கும்படி ஆளை மாற்றுங்கள். மூன்று பேர் இருக்கும் நாடகம் என்பதால் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. இருவர் சண்டையிடும்போது மூன்றாமவர் எங்கே இருக்கிறார் என்ற கேள்வி மேடையில் பெரும்பாலும் ஓரத்தில் நிற்கிறார் என்று முடிந்துவிடும். படத்தில் அவர் சமையலறையில் இருக்கலாம், எல்லாம் கேட்கும் தூரத்தில், கேட்காததுபோல் பாத்திரம் துலக்கிக்கொண்டு. சண்டையின் வசனம் முழுவதும் அவர் முதுகின்மேல் ஓடினால் அது வேறு காட்சியாகிவிடும்.

மேடையில் கைதட்டல் வாங்கிய வரிகளைத் தனியாகக் குறித்துவையுங்கள். எல்லாவற்றையும் நீக்கச் சொல்லவில்லை. ஆனால் அவற்றில் பாதி, கைதட்டலுக்காகவே நடிகர்கள் நூறு காட்சிகளில் மெருகேற்றியவையாக இருக்கும். அதே நடிகர்களைப் படத்திலும் வைத்துக்கொள்வதாக இருந்தால், குரலைத் தாழ்த்தச் சொன்னால் மட்டும் போதாது. வரியின் கடைசியில் அவர்கள் விடும் அந்த மூச்சை, கைதட்டலுக்கான இடைவெளியை, கைவிடச் செய்ய வேண்டும். அது உடம்பில் ஊறிப்போயிருக்கும், எளிதில் போகாது.

ஒத்திகைக்கு நாள் ஒதுக்குங்கள். லூமெட் இரண்டு வாரம் ஒத்திகை பார்த்த பிறகுதான் கேமராவை வைத்தார். காரணம், படப்பிடிப்பு வரிசையாக நடக்காது. அறையின் ஒரு பக்கத்துக்கு விளக்கு வைத்தால் அந்தப் பக்கத்து ஷாட்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத்தான் அடுத்த பக்கம் போவார்கள்; இருவர் வாக்குவாதத்தில் ஒருவர் பேசியதும் மற்றவர் பதில் சொன்னதும் பல நாள் இடைவெளியில் படமாகியிருக்கும். மேடை நடிகர் இரண்டு மணி நேரத்தில் ஏறிப் போகும் மலையை இங்கே துண்டு துண்டாக ஏற வேண்டும். எந்தத் துண்டு எந்த உயரத்தில் என்பது ஒத்திகையிலேயே முடிவாகியிருந்தால்தான் ஒட்டும்.

இன்னொரு விஷயம், படப்பிடிப்புத் தளத்தில் பெரும்பாலும் மறந்துபோவது. நீண்ட பேச்சு வரும் காட்சியில், பழக்கத்தால், பேசுபவரின் ஷாட்டை முதலில் எடுப்பார்கள். கேட்பவரின் ரியாக்ஷனை மாலையில், வெளிச்சம் போகும் நேரத்தில், பேசியவர் குரல் களைத்த பிறகு, சில சமயம் அவர் கிளம்பிப் போய் உதவி இயக்குநர் வசனத்தைப் படிக்க, எடுப்பார்கள். பேசுபவருக்கு வரிகள் துணையாக இருக்கின்றன. பத்தாவது டேக்கிலும் அவரால் சமாளிக்க முடியும். கேட்பவருக்கு அந்தத் துணை இல்லை. முதல் இரண்டு மூன்று முறைதான் அந்தச் சொற்கள் அவரை உண்மையில் தொடும். அதனால் அவருடைய க்ளோஸ்-அப்பைக் காலையில், பேசுபவர் முழு வேகத்தோடு எதிரில் உட்கார்ந்து பேச, முதலில் எடுத்துவிடுங்கள்.